கடைத்தெருப் பக்கம் ஒரு படுக்கையறை வீடு: அட்வான்ஸ் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்பார்கள் பெரியவர்கள். இரண்டும் அவ்வளவு லேசான காரியம் அல்ல என்று பொருள். இந்தக் காலத்தில் இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். "வாடகைக்கு வீடு பிடித்துப் பார்!"

சென்னையிலும் கோவையிலும்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். விக்கிரவாண்டி போன்ற சிறிய ஊரிலும் வீடு தேடுவோர் உண்டு. அவர்கள் கேட்பது மாளிகை அல்ல. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையலறை, தனியாக ஒரு குளியலறை. பஸ் நிறுத்தமும் கடைத்தெருவும் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால், அந்தச் சின்ன வீட்டுக்காகக் கொடுக்கும் அட்வான்ஸ் பல குடும்பங்களின் மொத்தச் சேமிப்பு. அதைக் கொடுப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்? சட்டம் என்ன சொல்கிறது? இதோ விவரம்.

சாலை வளர்த்த ஊர்

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள பேரூராட்சி விக்கிரவாண்டி. சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிறது. கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. சென்னை-விழுப்புரம் ரெயில் பாதையில் இந்த ஊருக்கு ஸ்டேஷனும் உண்டு.

பழைய தென்னாற்காடு மாவட்டத்தைப் பிரித்து, 1993 செப்டம்பர் 30-ந் தேதி விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது. விக்கிரவாண்டியை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மாவட்டம் வந்தால் அலுவலகங்கள் வரும். கல்லூரி வந்தால் டாக்டர்கள், நர்சுகள், ஊழியர்கள், மாணவர்கள் வருவார்கள். இவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்கெல்லாம் குடியிருக்க வீடு வேண்டும் அல்லவா?

அந்தக் காலத்தில் ஒண்டிக் குடித்தனம் இருந்தது. ஒரே வாசல், ஒரே கிணறு, ஐந்தாறு குடும்பங்கள். தண்ணீருக்கு வரிசை. விளக்கை எப்போது அணைப்பது என்பதற்கும் வீட்டுக்காரர் உத்தரவு. இன்று கணவன், மனைவி, ஒரு குழந்தை என்ற சிறு குடும்பம் தனி வாசலை விரும்புகிறது. தனியாக வந்து வேலை பார்க்கும் பெண்ணும் அதையே விரும்புகிறார். அதனால்தான் "சிங்கிள் பெட்ரூம்" வீட்டுக்கு இத்தனை கிராக்கி.

முதலில் நடந்து பாருங்கள்

வீட்டுத் தரகர்கள் எல்லோரும் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே இருக்குதுங்க!"

அந்தப் பக்கம் எவ்வளவு பக்கம்? மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தால் தெரியாது. நடந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு கிலோமீட்டர் நடக்கப் பெரியவர்களுக்கு 12 முதல் 15 நிமிடம் ஆகும். கையில் குழந்தையும் காய்கறிப் பையும் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

ஆகவே, வீட்டு வாசலில் இருந்து பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம், மளிகைக் கடை, மருந்துக் கடை, ரேஷன் கடை ஆகிய ஐந்து இடங்களுக்கும் ஒரு முறை நடந்து பாருங்கள். பகலில் ஒரு தடவை. விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை. தெரு விளக்கு எரிகிறதா, நாய்த் தொல்லை உண்டா, பெண்கள் தனியாக வர முடியுமா என்பது இரவு நடையில்தான் தெரியும்.

நெடுஞ்சாலை ஊர்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சாலைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். பார்த்தால் கூப்பிடு தூரம்தான். ஆனால் நடுவில் சென்னைக்கும் திருச்சிக்கும் பறக்கும் வண்டிகள்! அந்தச் சாலையைக் குழந்தை தினமும் கடக்க வேண்டும் என்றால், அது பக்கத்து வீடு அல்ல, தூரத்து வீடுதான்.

பிரான்ஸ் நாட்டின் தலைநகரான பாரீசில் 2020-ல் ஒரு திட்டம் பேசப்பட்டது. கடை, பள்ளி, மருத்துவமனை, பூங்கா எல்லாம் ஒவ்வொருவர் வீட்டில் இருந்தும் 15 நிமிடத்தில் போகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று அந்த நகர மேயர் ஆன் இதால்கோ சொன்னார். உலகமே அதை வியந்து பேசியது. கோவிலைச் சுற்றி நான்கு தேரோடும் வீதிகள், வீதிகளை ஒட்டிக் கடைத்தெரு என்று அமைந்த நம் பழைய ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு அது புதிய சங்கதி அல்ல!

எந்த வீடு மலிவு?

கடைத்தெரு அருகே உள்ள வீட்டுக்கு வாடகை கூடுதல். ஊருக்கு வெளியே போனால் குறைவு. அப்படியானால் வெளியே போவதுதான் லாபமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஊருக்குள் இருக்கும் வீட்டுக்கு மாத வாடகை ரூ.7 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுக்கு ரூ.5 ஆயிரத்து 500. மாதம் ரூ.1,500 மிச்சம்.

வெளி வீட்டில் இருப்பவர் வேலைக்கும் கடைக்கும் தினம் இரண்டு தடவை மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார். தினம் 12 கிலோமீட்டர். மாதம் 26 நாளுக்கு 312 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடினாலும் ஏறக்குறைய 7 லிட்டர் பெட்ரோல். லிட்டர் ரூ.100 என்றால் ரூ.700. குழந்தையைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் ஆட்டோவுக்கு மாதம் ரூ.1,200 என்றால், மொத்தச் செலவு ரூ.1,900. மிச்சமானது ரூ.1,500, செலவானது ரூ.1,900! வண்டிக்குக் கட்டும் தவணை இதில் சேரவில்லை.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சாதாரண கட்டண நகர பஸ்களில் பெண்கள் கட்டணம் இல்லாமல் பயணம் செய்யும் திட்டம் 2021 மே மாதம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. நகர பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு இருந்தால்தான் அந்தச் சலுகை முழுமையாகக் கைக்கு வரும்.

ஆனால், இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றாக வராது. பள்ளி செல்லும் குழந்தை இல்லாத வீட்டுக்கு வெளி வீடே மலிவாக இருக்கலாம். அவரவர் கணக்கை அவரவர் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது.

மழையில் எப்படி இருந்தது?

வீடு பார்க்கப் போகிறவர்கள் சுவரில் அடித்த புது வர்ணத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. குழாயைத் திறந்து பாருங்கள். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று கேளுங்கள். கழிப்பறைத் தொட்டியை எப்போது சுத்தம் செய்தார்கள் என்றும் கேளுங்கள். பகலில் விளக்குப் போடாமல் சமையலறையில் அரிசி பொறுக்க வெளிச்சம் இருக்கிறதா என்று வீட்டுப் பெண்கள் பார்க்கட்டும்.

மழையைப் பற்றி அவசியம் விசாரிக்க வேண்டும். 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடானது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள ரெயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரெயில்கள் நிறுத்தப்பட்டன.

"அந்தப் புயலின்போது இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது?" இந்த ஒரு கேள்வியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டால் போதும். வீட்டின் லட்சணம் தெரிந்துவிடும்.

மின்சார மீட்டரையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016-ல் வந்தது. மூன்று குடும்பத்துக்கும் ஒரே மீட்டர் என்றால், மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே சலுகைதான். அதோடு, யூனிட் கூடக் கூட விலையும் கூடும். அதனால் தனி மீட்டர் உள்ள வீடே நல்லது. தனி மீட்டர் இல்லை என்றால், யூனிட்டுக்கு என்ன விலை என்பதை முன்னதாகவே பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

கேட்கக் கூடாத கேள்வி

வீடு பிடித்துவிட்டது. வாடகையும் ஒத்துக்கொண்டாகிவிட்டது. அப்போது மெதுவாக ஒரு கேள்வி வரும். "நீங்க என்ன ஆளுங்க?"

நேராகக் கேட்பவர்களும் உண்டு. "சைவமா, அசைவமா?" என்று சுற்றி வளைத்துக் கேட்பவர்களும் உண்டு. பதிலைக் கேட்டதும், "நேற்றே ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்" என்பார்கள். மாதச் சம்பளமும் நல்ல பழக்கமும் உள்ள எத்தனையோ பேர் இப்படித் தெருத் தெருவாக அலைகிறார்கள்.

தீண்டாமையின் பேரில் ஒருவரை எந்தப் பகுதியிலும் குடியிருக்கவிடாமல் தடுப்பது தண்டனைக்கு உரிய குற்றம். 1955-ம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாடகை ஒழுங்காக வருமா, வீடு சுத்தமாக இருக்குமா என்று கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. சாதியைக் கேட்டுக் கதவைச் சாத்த உரிமை இல்லை.

அட்வான்ஸ் எத்தனை மாதம்?

வாடகைச் சட்டத்துக்கு நம் மாநிலத்தில் நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில், 1941-ல், வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. பிறகு 1946-லும் 1949-லும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1960-ல் வந்த சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றது. ஆனால் நடந்தது என்ன? சென்னையில் 10 மாத அட்வான்ஸ் என்பதே வழக்கமாகிவிட்டது!

அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு 2017-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 2019 பிப்ரவரி 22-ந் தேதி அது நடைமுறைக்கு வந்தது. மாநகராட்சி, நகராட்சி மட்டும் அல்ல, விக்கிரவாண்டி போன்ற பேரூராட்சிக்கும் அது பொருந்தும்.

அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது புதிய சட்டம். ஆனால், அதிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அந்த ஒப்பந்தமே செல்லும். ஆகவே, 10 மாதம் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சட்டத்தைக் காட்டுவதில் பயன் இல்லை. பேச வேண்டியதைக் கையெழுத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

மற்ற நாடுகளிலும் இதற்கு வரம்பு உண்டு. ஜெர்மனியில் 3 மாத வாடகைக்கு மேல் வாங்க முடியாது. அதையும் மூன்று தவணையாகக் கொடுக்கலாம். இங்கிலாந்தில் 2019-ல் வந்த சட்டப்படி, சாதாரணக் குடும்பங்கள் இருக்கும் வீடுகளுக்கு 5 வார வாடகைதான் உச்சவரம்பு.

கூடுதல் அட்வான்ஸ் என்றால், "திரும்பி வரும் பணம்தானே" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ரூ.7 ஆயிரம் வாடகைக்கு 3 மாத அட்வான்ஸ் ரூ.21 ஆயிரம். 10 மாதம் என்றால் ரூ.70 ஆயிரம். கூடுதலாகக் கொடுப்பது ரூ.49 ஆயிரம். அதை நூற்றுக்கு 2 வட்டிக்குக் கடன் வாங்கிக் கொடுத்தால் மாதம் ரூ.980 வட்டி! அப்படியானால் வாடகை ரூ.7 ஆயிரம் அல்ல, ஏறக்குறைய ரூ.8 ஆயிரம்.

போக்கியம் லாபமா?

சிலர் வாடகையே வேண்டாம் என்பார்கள். ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்தால், இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் வீட்டில் இருக்கலாம். காலி செய்யும்போது வட்டி இல்லாமல் பணம் திரும்ப வரும். இதற்குப் போக்கியம் என்றும், லீசு என்றும் பெயர்.

மாத வாடகை இல்லை என்பது ருசிதான். ஆனால் அந்த வீடு ஏற்கனவே பாங்கில் அடமானத்தில் இருந்தால்? கடன் கட்டாமல் வீடு ஏலத்துக்கு வந்தால்? கொடுத்த பணத்துக்கு யார் பொறுப்பு?

எனவே, பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று பார்க்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். பதிவுத் துறையின் இணையதளத்திலும் பார்க்கலாம். பாங்கில் கடன் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் நேராகவும் கேட்க வேண்டும். போக்கியப் பத்திரத்தைப் பதிவு செய்யாமல் பணத்தைக் கொடுக்கவே கூடாது.

வாய்ப்பேச்சு போதாது

"நம்ம ஊர்க்காரர்தானே, எழுத்து எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்லபடியாக இருக்கும்போது எழுத்து தேவைப்படாது. மனஸ்தாபம் வரும்போதுதான் தேவைப்படும். அப்போது எழுத முடியாது!

வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று புதிய சட்டம் கட்டாயம் ஆக்கிவிட்டது. அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். துணை கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத ஒருவரே வாடகை அதிகாரி. இணையதளம் மூலமாகவும் விண்ணப்பிக்கலாம்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்? வாடகை எவ்வளவு, எந்தத் தேதியில் கொடுக்க வேண்டும், அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை மாதம் குடியிருக்கலாம், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் யார் பணம் கட்டுவது, காலி செய்ய எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் ஆகியவை அவசியம். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. படிக்கத் தெரியாதவர்கள், தங்களுக்கு வேண்டியவர் ஒருவரைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

குழாய் ஒழுகினால் யார் செலவு?

வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் அதிகச் சண்டை வருவது பழுது பார்ப்பதில்தான். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், யார் எதைச் செய்வது என்பதற்குச் சட்டத்தில் பட்டியலே இருக்கிறது.

வீட்டுக்காரர் பொறுப்பு: கட்டடத்தின் பெரிய பழுதுகள், சுவருக்கு வெள்ளை அடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம், தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின்சார ஒயர்களை மாற்றுவது.

குடித்தனக்காரர் பொறுப்பு: குழாயின் திருகு, வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு நீக்குவது, சுவிட்ச், பிளக் பழுது, பூட்டு, கைப்பிடி மாற்றுவது, ஜன்னல் கண்ணாடி போடுவது.

காலி செய்யும்போது வெள்ளை அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட்டால், பிறகு வருத்தப்பட வேண்டியது இல்லை.

இவையும் உங்கள் உரிமை

வாடகை கொடுத்தால் கையெழுத்துப் போட்ட ரசீது தர வேண்டும்.

வாடகையை உயர்த்துவதாக இருந்தால், 3 மாதம் முன்னதாக எழுத்து மூலம் சொல்ல வேண்டும்.

வீட்டைப் பார்க்க வீட்டுக்காரர் வருவதாக இருந்தால், 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். காலை 7 மணிக்கு முன்பும், இரவு 8 மணிக்குப் பின்பும் வரக் கூடாது.

என்ன தகராறு என்றாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். திரும்பக் கொடுக்கும்படி உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம்

வீட்டுக்காரர் எல்லோரும் பணக்காரர் அல்ல. ரிட்டயர் ஆன வாத்தியார், விதவைத் தாய், வெளிநாட்டில் உழைத்து வீடு கட்டியவர் என்று பலர் இருக்கிறார்கள். அந்த வாடகைதான் அவர்களுக்குப் பென்ஷன். பழைய சட்டத்தின்கீழ், குடிவந்தவர் காலி செய்ய மறுத்தால் கோர்ட்டுக்கு அலைந்தே ஆண்டுகள் ஓடிவிடும். அதற்குப் பயந்து வீட்டைப் பூட்டி வைத்தவர்களும் உண்டு.

புதிய சட்டம் அவர்களுக்கும் பாதுகாப்புத் தருகிறது. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால் காலி செய்யச் சொல்லி வாடகை கோர்ட்டுக்குப் போகலாம். எழுதிக் கொடுத்த சம்மதம் இல்லாமல் வேறு ஒருவருக்கு உள்வாடகைக்கு விட்டாலும் போகலாம். ஆகவே, குடித்தனக்காரரும் தேதி தவறாமல் வாடகை கொடுக்க வேண்டும். முடிந்தால் பாங்கு மூலம் கொடுப்பது நல்லது. அதுவே ஒரு சாட்சி.

சாவி கொடுக்கும் நாள்

குடிவரும் நாளிலேயே காலி செய்யும் நாளை நினைக்க வேண்டும். சாமான் இறக்கும் முன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். சுவரில் விரிசல், உடைந்த ஓடு, ஆடுகிற கதவு எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். மின் மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்து வையுங்கள்.

காலி செய்யும் நாளில் அதே படங்களை வைத்து இருவரும் சேர்ந்து பார்க்கலாம். புதிதாக ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும் கணக்குப் போடலாம். பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, மீதி அட்வான்சை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம்.

சாவியைக் கொடுக்கும்போது, "இன்ன தேதியில் சாவி பெற்றுக்கொண்டேன், திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் இவ்வளவு" என்று இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியிலேயே பத்திரமாக வையுங்கள். பணம் கைக்கு வந்த பிறகு கிழித்துப் போடலாம்.